அம்மை கண்ட கோழிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருவில் உள்ள உறவுகளுக்கும், கால்நடை மருந்தகத்தில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

கார்த்திகை மழை ஓய்ந்த வாரத்தில், 9 குஞ்சுகளோடு திரிந்துகொண்டிருந்த எங்கள் செவலைச் சிறுவிடைப் பெட்டையின் கொண்டையிலும் அலகோரத்திலும் கடுகளவில் கொப்புளங்கள் தென்பட்டன. பத்து நாளுக்குள் அவை கறுத்துப் பொருக்குத் தட்டி, இரண்டு இமைகளையும் மூடிவிட்டன. குஞ்சுகள் கத்தும் திசைக்குத் தலையைத் திருப்பியபடி அது நின்ற இடத்திலேயே நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்று அதே கோழி குப்பைக்குழியைக் கிளறிக்கொண்டிருக்கிறது என்றால், அது பலருடைய கைகள் சேர்ந்து செய்த வேலை.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு. கண்ணைத் திறந்துவிடும் அவசரத்தில் நான் ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்து இரத்தம் வரவைத்தபோது, என் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையின்மேல் வைத்து, பொருக்கு ஊறித் தானாக நெகிழும்வரை அசையாமல் பிடித்திருக்க அவர் சொல்லிக்கொடுத்தார். வேப்பெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்துக் கண்ணுக்குள் படாமல் கொண்டையில் தடவியவரும் அவரே. கண் தெரியாத கோழி பசியால்தான் முதலில் சாகும் என்று அவர் எச்சரித்ததால், கேழ்வரகு மாவையும் அரைத்த முருங்கைக்கீரையையும் பிசைந்து, பட்டாணி அளவு உருண்டைகளாக வேளைக்கு வேளை ஊட்டினோம். தண்ணீரை மட்டும் தொண்டைக்குள் ஊற்றாமல், அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அதுவே விழுங்க இடம் கொடுத்தோம். நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால், அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறிவிடும்.

அடுத்த நன்றி கால்நடை உதவி மருத்துவருக்கு. அவர் கோழியின் வாயைத் திறந்து, உள்ளே மஞ்சள் படலம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். தோலில் மட்டும் வரும் அம்மை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும் என்றும், தொண்டையில் படர்ந்தால் மூச்சடைத்து உயிரிழப்பு நேரும் என்றும் விளக்கினார். இது வைரஸ் நோய், இதை நேரடியாக அழிக்கும் மருந்து இல்லை, கொசுக்கடியாலும் உதிர்ந்த பொருக்குகளாலும் பரவுகிறது என்பதை அவர் சொன்ன பிறகே, கொல்லையில் மழைநீர் தேங்கிக் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளையும் பழைய டயரையும் அப்புறப்படுத்தினேன். மனிதர்களுக்கு வரும் அம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னது, கைக்குழந்தை உள்ள பக்கத்து வீட்டாருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்பும் நன்றி எங்கள் தெருவாருக்கே உரியது. அம்மைத் தடுப்பூசி மருந்தைக் கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஒரு குப்பியில் இருப்பதோ நூறு கோழிகளுக்கு மேல் போதுமான மருந்து. ஆறேழு கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக அதை உடைத்தால் பெரும்பகுதி வீணாகிவிடும். கால்நடை ஆய்வாளர் இதை எடுத்துச் சொன்ன அன்று மாலையே நீங்கள் வீடு வீடாகச் சென்று பேசி, மறுநாள் விடியுமுன் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே அடைத்து வைத்திருந்தீர்கள். ஐஸ் கட்டிகள் நிரப்பிய பிளாஸ்கில் மருந்து வந்தது. நோய்க்குறி இல்லாத கோழிகளை நீங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்துக் காட்ட, ஆய்வாளர் இரட்டை ஊசியை மருந்தில் தோய்த்து இறக்கைச் சவ்வில் குத்தினார். காலை ஏழரை மணிக்குள் 94 கோழிகளுக்குப் போட்டு முடித்தோம். பத்தாம் நாள் அவரே திரும்பி வந்து, குத்திய இடத்தில் சிறு தடிப்பு எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சென்றதை நான் மறக்க மாட்டேன். அது அவருடைய விடுமுறை நாள்.

ஊசி போடுவதற்கு முன்பே கடைசி வீட்டு அக்காவின் இரண்டு பெட்டைகள் தொண்டை அம்மையில் இறந்துவிட்டன. அந்த இழப்போடும் மறுநாள் வந்து, மற்றவர்களுடைய கோழிகளைப் பிடித்துக்கொடுத்தவர் அவர். செவலை மறுபடி முட்டையிடத் தொடங்கியதும், முதல் ஈட்டு முட்டைகள் முழுவதையும் அடைவைக்க அவரிடமே கொடுத்துவிடுகிறேன். அக்கா மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
வேப்பமரத்து வீட்டிலிருந்து