மதிப்பெண் இயர்போனுக்கா, டிப்புக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த இன்-இயர் இயர்போன் ஒப்பீட்டில் ராக்குக்கு ஒன்று, ஹிப்-ஹாப்புக்கு ஒன்று, கர்நாடக இசைக்கு ஒன்று என்று பிரித்து மதிப்பெண் போட்டிருந்தார்கள். பலவகை இசையைப் போட்டுக் கேட்பது நல்ல முறைதான். ஆனால் எந்த டிப் (இயர்போன் முனையில் மாட்டும் மென்மையான உறை) மாட்டிக் கேட்டார்கள், சத்தத்தைச் சமப்படுத்தினார்களா என்ற இரண்டும் கட்டுரையில் இல்லை.

முதலில் டிப். காதுத் துளையை அது முழுக்க அடைக்காவிட்டால், மயிரிழை இடுக்கு போதும், பேஸ் (தாழ்ந்த ஒலி) வெளியே போய்விடும். ஒரே இயர்போனை ஒருவர் 'கும்மென்று இருக்கிறது' என்பதும் மற்றவர் 'தகரச் சத்தம்' என்பதும் பெரும்பாலும் இதனால்தான். சோதிப்பது எளிது. பேஸ் விடாமல் ஒலிக்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று பொங்கினால் டிப் சிறியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. இடது காதுக்கு மீடியம், வலது காதுக்கு லார்ஜ் என்று போட வேண்டியவர்கள் நிறையப் பேர். ஃபோம் டிப் என்றால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். ஃபோம் ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, கொஞ்சம் மழுக்கும். ஆகவே ஒன்றை ஃபோமிலும் மற்றொன்றை சிலிக்கானிலும் கேட்டு ஒப்பிடுவது செல்லாது.

செருகும் ஆழமும் முக்கியம். இயர்போன் அடைத்த காதுக்குழாய் தானாகவே சுமார் 8,000 ஹெர்ட்ஸில் அதிர்ந்து அந்தப் பகுதியைத் தூக்கிக் காட்டும். ஆழம் குறைந்தால் அந்த மேடு கீழே இறங்கி, பாடகியின் 'ஸ', 'ஷ' ஒலிக்கும் பகுதியில் வந்து உட்காரும். 'ஸகாரம் குத்துகிறது' என்று எழுதும் முன் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் கேட்டிருக்கலாம்.

அடுத்தது சத்தம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக்கூடக் காது 'தெளிவு' என்றே எடுத்துக்கொள்ளும். பிங்க் நாய்ஸை (எல்லா அலைவெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ஒலி அளவுமானியின் மைக்கை ஒவ்வொரு இயர்போனின் டிப்பிலும் ஒரே மாதிரி ஒட்டிப் பிடித்து, அரை டெசிபெலுக்குள் கொண்டுவர வேண்டும். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ்தான் முதலில் மங்கும் என்பதால், ஹிப்-ஹாப் மதிப்பெண் இதிலேயே தலைகீழாகும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் இசை வகை பேசும். மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். வலந்தலையின் (வலப்பக்கம்) நடுவில் பூசிய கறுப்புச் சோறு அதன் மேற்சுரங்களை (அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த சுரங்கள்) ஒழுங்காக அடுக்கித் தருகிறது, சி.வி. ராமன் 1920இல் காட்டிய உண்மை இது. அதனால்தான் சாப்பு என்ற அடி சுருதியோடு கேட்கிறது. 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை வீங்கிய இயர்போனில் தொப்பியின் (இடப்பக்கம்) கும்கி என்ற கனத்த ஒலி பரவி அந்தச் சுருதியை மூடிவிடும். தம்புராவோ ட்ரெபிளுக்கு நல்ல சோதனை: ஜீவா (தந்திக்கடியில் வைக்கும் நூல்) தரும் மேற்சுரங்கள் காணாமல் போய் வெறும் ரீங்காரம் மிஞ்சினால் மேல்பகுதி மழுங்கியிருக்கிறது. ஆண் குரல் கனத்து மூக்கடைத்தாற்போல் கேட்டால் அதுவும் அதே வீக்கம்தான். பல இயர்போன்களில் 'நல்ல பேஸ்' என்று பாராட்டப்படுவது இதைத்தான். அசல் அடிபேஸ் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது. நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தியில் 31. எலெக்ட்ரானிக் இசையில் இந்தப் பகுதி தனியாகவே கேட்கும், ஏமாற்ற முடியாது. ராக்கில் கருவிகள் பிரிந்து கேட்கவில்லை என்று இயர்போனைத் திட்டுவது பல நேரம் அநியாயம். ஒலிப்பதிவே நசுக்கி இறுக்கப்பட்டிருக்கும். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவின் மெல்லிய பகுதிகளுக்கு வெளிச்சத்தம் எவ்வளவு அடைபடுகிறது என்பதே பாதி மதிப்பெண்.

பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் (சிறு உலோகத் தகட்டை அதிரவைத்து ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட இயர்போன்களில் இன்னொரு சிக்கல். அவற்றின் மின்தடை அலைவெண்ணுக்கு அலைவெண் மாறும். இயக்கும் கருவியின் (ஃபோன், பிளேயர்) வெளியீட்டுத் தடை இயர்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போனால் (16 ஓமுக்கு 2 ஓம்) ஒலியின் நிறமே மாறிவிடும். வயர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஈக்வலைசரும் இரைச்சல் நீக்கமும் எந்த நிலையில் இருந்தன என்று சொன்னால் போதும்.

அடுத்த ஒப்பீட்டில் டிப் வகை, அளவு, இயக்கிய கருவி, கேட்ட டெசிபெல் ஆகிய நான்கையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைத் துறை வாசகர்

பி.கு.: ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் இயர்போனை இடவலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். குறையும் கூடவே இடம் மாறினால், முனையிலுள்ள வலையில் காதழுக்கு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்தூரிகையால் துடையுங்கள்; ஊசியால் குத்த வேண்டாம்.