முன்னால் இருந்த சைபர்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

நலம். இங்கே பின்னேரங்களில் நல்ல மழை, கிணறு முட்டி நிற்கிறது.

எழுதுபவனுக்குச் சுகமாக இருப்பதுதான் நல்ல தரவுத்தள மொழி (கணினியில் பதிவுகளைச் சேர்க்கவும் தேடவும் எழுதும் மொழி), எல்லாவற்றையும் விரித்து எழுத இது என்ன காணி உறுதியா என்று கேட்டிருந்தாய். போன மாதம் கேட்டிருந்தால் நானும் ஓமென்றிருப்பேன்.

எங்கள் வாசிகசாலை உறுப்பினர் பதிவை எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றினேன். தொலைபேசியும் அடையாள அட்டையும் இலக்கம்தானே என்று டேபிளில், அதாவது அட்டவணையில், அந்த இரண்டு நிரலுக்கும் (மேலிருந்து கீழாக வரும் பத்திக்கு) இன்டிஜர், அதாவது முழு எண், என்று போட்டேன். 021 இல் தொடங்கிய தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் சைபர் போய் 21 இல் தொடங்கின. அடையாள அட்டையில் இன்னும் மோசம். 12 இலக்கப் புதியவை எண்ணாகப் பதிந்தன, 9 இலக்கத்தோடு வி எழுத்தில் முடியும் பழையவை எழுத்தாகவே கிடந்தன. வரிசைப்படுத்தினால் எண்கள் முழுவதும் முதலில், எழுத்துகள் பிறகு. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை, மச்சான். அதுதான் என்னை உலுக்கியது.

2021 இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து, டேபிளின் கடைசியில் ஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் வி உள்ளதை ஏற்க மறுக்கும். சைபரை அதுவும் காப்பாற்றாது. தொலைபேசி இலக்கத்தை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அது எழுத்து என்பது எனக்குத் தெரியும். டெக்ஸ்ட், அதாவது எழுத்து, என்று நான் எழுதாமல் எஸ்கியூலைட்டுக்கு எப்படி விளங்கும்?

இரண்டு டேபிள்களை இணைக்க நீ புகழ்ந்த நச்சுரல் ஜொயின் கட்டளையையும் நீக்கிவிட்டேன். ஒரே பெயருள்ள நிரல்களை அதுவே பொருத்திக்கொள்ளும், ஒரு வரி மிச்சம், சரி. உதவிக்கு வரும் பொடியன் உறுப்பினர் டேபிளிலும் இரவல் டேபிளிலும் ‘குறிப்பு’ என்று ஒவ்வொரு நிரல் சேர்த்தான். அன்றிலிருந்து என் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) உறுப்பினர் எண் மட்டுமல்லாமல் குறிப்பும் இரண்டு டேபிளிலும் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒருவருமே புத்தகம் இரவல் எடுக்கவில்லை என்று காட்டியது. அவனில் பிழையில்லை. எதை வைத்து இணைக்கவேண்டும் என்று நான்தான் சொல்லாமல் விட்டேன்.

தனியே இருந்து ஒன்றைத் தட்டிப் பார்க்க உன் வழி நல்லதுதான், நானும் நட்சத்திரக்குறி போட்டு எல்லா நிரலையும் ஒருமிக்கப் பார்ப்பவன். ஆனால் நாலு பேர் கைபடும் பதிவுக்கு இனி நீட்டித்தான் எழுதுவேன்.

உள்ளூர் இலக்கங்களுக்குச் சைபரைத் திரும்பப் போடுவது லேசு. ஆனால் கனபேர் வெளிநாட்டுப் பிள்ளைகளின் இலக்கத்தை முன்னால் 00 போட்டுத் தந்திருக்கிறார்கள், எதில் எத்தனை சைபர் போனது என்று இப்போது நிச்சயமில்லை. அவற்றைப் பழைய கொப்பியில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துகிறேன். உங்கள் ஐயா தந்திருப்பது உன் இலக்கம். இப்போதும் அதுதானா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்