முதலில் கண் சிமிட்டலைக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இ.இ.ஜி. எனும் மூளை அலைப் பதிவைப் படிப்பது எப்படி என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் பார்த்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, டெல்டா என்று மூளை அலை வகைகளின் நாலு பெயரைச் சொன்ன கையோடு வலிப்பு அலைக்குத் தாவிவிட்டார்கள். தினமும் இந்தப் பதிவுகளோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்பதால் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் வழுக்குவதே அந்த இடத்தில்தான்.

திரையில் ஒரு பக்கம் என்பது வழக்கமாக 10 விநாடி. அதில் ஓடும் ஒவ்வொரு கோடும் தலையில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம், அதுவும் மைக்ரோவோல்ட் கணக்கில், அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில். தலையில் ஒட்டும் மின்முனைதான் எலக்ட்ரோடு, அதன் பெயரில் ஒற்றைப்படை எண் இருந்தால் இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம். நெகட்டிவ் மேலே போகும், பாசிட்டிவ் கீழே இறங்கும், பள்ளியில் போட்ட வரைபடத்துக்கு நேர்மாறு. சரி, இவ்வளவு தெரிந்தால் போதும், கண் சிமிட்டலுக்குப் போகலாம்.

விழியின் முன்பக்கம் பாசிட்டிவ், பின்பக்கம் நெகட்டிவ். இமை மூடும்போது விழி மேலே உருளுவதால் அந்த பாசிட்டிவ் பக்கம் நெற்றி எலக்ட்ரோடுகளை நெருங்குகிறது, உடனே இரண்டு பக்க நெற்றிக் கோடுகளும் ஒன்றுபோலக் கீழே சரிந்து மேலே வரும். கண்ணை மூடியே வைத்திருக்கச் சொன்னால் பின்மண்டையில் விநாடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் வரிசையாக வரும், திறக்கச் சொன்னால் அடங்கிவிடும். எது மூளையிலிருந்து வந்தது, எது வேறெங்கோ இருந்து வந்தது என்று பிரிக்கும் பாடம் இந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது. 1924-இல் மனித மூளை அலையை முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கருக்கே தான் பார்ப்பது மூளைதானா என்ற சந்தேகம் இருந்தது, 1929 வரை வெளியிடாமல் சோதித்துக்கொண்டே இருந்தார். 1934-இல் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர்களான ஏட்ரியனும் மாத்யூஸும் செய்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் மற்றவர்களும் நம்ப ஆரம்பித்தார்கள்.

நம் ஆட்களுக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற மாதிரி, கூராக எது நிமிர்ந்தாலும் ஸ்பைக், அதாவது வலிப்பைக் காட்டும் கூர் அலை என்று எழுதிவிடுகிறார்கள். தூங்க ஆரம்பிக்கும்போது உச்சந்தலையில் வருகிற கூரான அலை முற்றிலும் இயல்பானது. பெரியவர்கள் அசந்து கண்ணயரும் நேரத்தில் பொட்டுப் பகுதியில் வளைவு வளைவாக வரும் விக்கெட் அலைகளும் அப்படித்தான், ஆனால் வலிப்பு என்று தவறாக எழுதப்படுவதில் அவை பேர்போனவை. ஒரே ஒரு எலக்ட்ரோடில் மட்டும் கோடு துள்ளி, பக்கத்தில் இருப்பவற்றில் ஒன்றுமே இல்லையென்றால் போய் அந்த எலக்ட்ரோடு சரியாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். உண்மையான ஸ்பைக் 20 முதல் 70 மில்லிவிநாடிக்குள் முடியும், சுற்றியுள்ள அலைகளிலிருந்து தனியாகத் தெரியும், அக்கம்பக்கத்து எலக்ட்ரோடுகளிலும் படிப்படியாகக் குறைந்து தெரியும், பின்னால் பெரும்பாலும் ஒரு மெதுவான அலையை இழுத்துக்கொண்டு வரும்.

மயக்கம் போட்டு விழுந்த ஒருவருக்கு வலிப்பு என்று தவறாக முத்திரை விழுந்தால் வருடக்கணக்கில் மாத்திரை, வண்டி ஓட்டத் தடை, வேலையில் சிக்கல் என்று அது நீளும். இன்னொன்று, ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததாலேயே வலிப்பு நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. அதை முடிவு செய்வது நோயாளியும் பார்த்தவர்களும் சொல்கிற விவரத்தை வைத்துத்தான், கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது குறைதான்.

அடுத்த முறை வலிப்புப் படத்தைப் போடாமல், விழித்திருக்கும் ஒருவரின் சாதாரணப் பதிவை ஒரு பக்கம் அச்சிட்டு, சிமிட்டல் எது, ஆல்ஃபா எது, பல்லைக் கடித்ததால் வந்த தசைக் கிறுக்கல் எது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இ.இ.ஜி. டெக்னீஷியன்