பர்மா பஜார் பாய்க்கு, இருபது வருடம் தாமதமாக ஒரு புகார்

அன்புள்ள பாய்,

என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. 2004-இல் அறுபது ரூபாயை மூன்றாக மடித்து ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடையோடு சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி, திருட்டு கம்ப்யூட்டர் கேம் சிடி வாங்க உங்கள் கடைக்கு வந்த பையன்களில் நானும் ஒருவன். யார் பெயரையும் நீங்கள் கேட்டதில்லை. எல்லோரும் தம்பிதான்.

கடையில் பார்வைக்கு சென்ட் பாட்டிலும் கால்குலேட்டரும் இருக்கும். கேம் என்று மெல்லச் சொன்னால் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஃபைல் வெளியே வரும். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் கலர் ஜெராக்ஸ் அட்டைகள். விரல் வைத்த அட்டைக்குரிய சிடியை எடுத்துவர ஒரு பையன் சந்துக்குள் ஓடுவான். திருட்டு விசிடிக்காரர்களைத் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது அதே 2004-இல்தான். சினிமாவைக் காப்பாற்றப் போட்ட திருத்தம் அது. ஆனாலும் உங்களுக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். போன பையன் திரும்பி வர ஏன் அத்தனை நேரமானது என்பது இப்போதுதான் புரிகிறது.

புகாருக்கு முன் ஒரு பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். சிடி உறையின் உட்புறம், இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் சீரியல் எண்ணை நீலப் பேனாவால் எழுதித் தருவீர்கள். ஏழு என்ற எண்ணை ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதென்று அதன் இடுப்பில் ஒரு கோடு போடுவீர்கள். "இன்ஸ்டால் ஆனதும் கிராக் என்ற ஃபோல்டரைத் திற. அதிலுள்ள ஃபைலை எடுத்துப் பழைய ஃபைல் இருக்கும் இடத்தில் போடு. வைரஸ் என்று கத்தினால் கத்தட்டும். ஓடவில்லையென்றால் கொண்டுவா தம்பி, மாற்றித் தருகிறேன்." இரண்டு முறை முகம் சுளிக்காமல் மாற்றியும் தந்தீர்கள். பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குமேல் விளையாடாமல் இருந்தால் பணம் வாபஸ் என்று, இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் அறிவித்தது 2015-இல். உங்களுக்குப் பதினோரு வருடம் பின்னால்.

ஒரிஜினல் வாங்கியிருக்கலாமே என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். பெரிய கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் நாலைந்து பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே மாதத் தவணையில் வந்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்று 2011-இல் சொன்னார். எனக்கு அது பாதிதான் சரி. அறுபதுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் இருந்தது சேவை அல்ல, என் அப்பாவின் சம்பளம். ஆனால் அந்த இன்னொரு பாதியை நம் ஊரில் உங்களைப்போல் நிரூபித்தவர் யாருமில்லை.

உங்கள் வியாபாரத்தில் முதலில் கைவைத்தது போலீஸ்கூட அல்ல, பிஎஸ்என்எல் என்று நினைக்கிறேன். பிராட்பேண்டு வந்த புதிதில் சில திட்டங்களில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு அலாரம் வைத்து எழுந்து, திருட்டு கேமை இணையத்திலிருந்து இறக்கும் டாரன்டை ஓடவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டுப் படுப்பேன். எட்டு மணிக்கு நிறுத்த மறந்தால் மாதக் கடைசியில் அப்பா பில்லோடு வருவார். அறுபது ரூபாயும் மிச்சமான பிறகு உங்கள் பக்கம் யார் வருவார்கள்?

நான் காசு கொடுத்து வாங்கத் தொடங்கியது திருந்தியதால் அல்ல. முன்பு ஸ்டீமில் விலையெல்லாம் டாலரில் இருந்தது. என் டெபிட் கார்டோ கடல் தாண்டாது. 2015 நவம்பரில் விலை ரூபாய்க்கு மாறியது. அடுத்த ஆண்டு யுபிஐ வந்தது, ஜியோவும் வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கேமின் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலைத் தேடி, அதோடு ஒரு வைரஸும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பதைவிட முந்நூறு ரூபாய் மலிவாகத் தெரிந்தது. நேர்மை என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் இந்தக் கணக்கையே போடவில்லை. 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. சும்மா கொடுக்கிற கேமில் திருட என்ன இருக்கிறது? துப்பாக்கிக்குப் பூசும் வர்ணத்துக்குத்தான் காசு, அதையும் பையன்கள் மகிழ்ச்சியாகக் கொடுத்தார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் மனதாரக் காசு கொடுத்து வாங்கினேன், தள்ளுபடிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. டொரண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா என்ற கேம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு. முதல் புதிரே இட்லித் தட்டுகளை அடுக்குவதுதான். குழிக்கு மேல் குழி வந்தால் இட்லி நசுங்கும், குழிக்கு மேல் ஓட்டை வர வேண்டும். அடுத்த ஆண்டு அதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. உங்கள் ஃபைலில் இருந்த அட்டைகளுக்குப் பின்னாலும் இப்படி யாரோ உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். அவர்களுக்கு நம் அறுபது ரூபாயிலிருந்து ஒரு பைசா போகவில்லை. இது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது, உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது காற்று மறுபடியும் திசை மாறுகிறது. புதிதாக வரும் பெரிய கேம்கள் மூவாயிரம், நாலாயிரம் என்கிறார்கள். அக்கா மகன் சென்ற வாரம் என்னிடம், "மாமா, கிராக் என்றால் என்ன?" என்று கேட்டான். தள்ளுபடி வரும்வரை காத்திரு என்றேன். நீங்கள் காத்திருந்தீர்களா என்று திருப்பிக் கேட்டான். அவனுக்கு பிறகு பதில் சொல்கிறேன்.

சரி, புகாருக்கு வருகிறேன். நீங்கள் எனக்கு முதன்முதலில் விற்றது ஜிடிஏ வைஸ் சிட்டி. ஒரே சிடியில் அடங்க வேண்டும் என்பதற்காக, காரில் ஏறினால் ஒலிக்கும் ரேடியோ மொத்தத்தையும் யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. நான்கு வருடம் அந்த ஊர் முழுவதும் ஊமைக் காரில் சுற்றினேன், கேமே அப்படித்தான் போலிருக்கிறது என்று. 2016-இல் ஸ்டீமில் வாங்கி முதல் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பாட்டு வந்தது. திடுக்கிட்டுக் காரைத் தூணில் மோதினேன்.

அங்கேயும் பாட்டுகள் முழுதாக இல்லை என்பது பிறகு தெரிந்தது. உரிமம் முடிந்ததால் சிலவற்றை நிறுவனமே எடுத்துவிட்டதாம். 2021-இல் புதுப் பதிப்பு வந்தபோது பழையதை விற்பனையிலிருந்தே நீக்கினார்கள்.

உங்கள் சிடி மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது, ஏழின் இடுப்பில் கோடு போட்ட எண்ணோடு. போட்டுப் பார்க்க என் கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லை. கடையில் இப்போது செல்போன் உறைதான் தொங்குகிறது என்று நண்பன் சொன்னான். பரவாயில்லை. அடுத்த முறை பீச் பக்கம் வரும்போது எடுத்துவருகிறேன், மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
அறுபது ரூபாய்த் தம்பி