தண்ணீர்த் தாங்கிக்குப் பைப் கம் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது கிணற்றடிப் பைப், மேலே நிற்கும் கறுப்புத் தாங்கி, சீலிங், வெளிச்சத்துக்குப் போடும் பொலிகார்பனேற் சீற் என்று எல்லாமே பிளாஸ்ரிக்தான். அதில் ஒன்று வெடித்தாலோ கழன்றாலோ ஹாட்வெயாரில் போய் "அண்ணை, ஒரு கம் தாங்கோ" என்கிறோம். எதை ஒட்டப் போகிறோம் என்று நாங்கள் சொல்வதுமில்லை, கடைக்காரர் கேட்பதுமில்லை. இதுதான் என் ஆதங்கம்.

பி.வி.சி பைப்புகளை ஒட்டும் பைப் கம் சாதாரணப் பசை இல்லை. அதில் பி.வி.சியைக் கரைக்கும் கரைப்பான் இருக்கிறது. பூசியதும் பைப்பின் வெளிப்பக்கமும், அது நுழையும் சொக்கற்றின் உட்பக்கமும் இளகி ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியாகிப் போனபின் ஒரே துண்டாகிவிடும். ஆனால் தாங்கி பொலிஎதிலீன். அந்தக் கரைப்பான் அதைத் தொடவே தொடாது. சுப்பர் குளூவும், இரண்டு ரியூப்பைக் கலந்து பூசும் எப்பொக்சியும்கூட அதில் பிடிக்காது, காய்ந்தபின் நகத்தால் கிளப்பினால் அப்படியே உரிந்து வரும். அதே வகைப் பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டுகிற ஆளைத்தான் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தாங்கியை மாற்ற வேண்டும். தீவகத்தில் பவுசர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் தாங்கி ஒழுகினால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தப் பிளாஸ்ரிக் என்று தெரியாவிட்டால் முக்கோணக் குறிக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள்: 3 என்றால் பி.வி.சி, 2 (பொலிஎதிலீன்) அல்லது 5 (பொலிபுரொப்பிலீன்) என்றால் பசையில் காசைக் கொட்டாதீர்கள். குறி இல்லையா, உடைந்த சின்னத் துண்டொன்றைத் தண்ணீரில் போடுங்கள். பி.வி.சி தாழும், பொலிஎதிலீன் மிதக்கும்.

பொலிகார்பனேற் சீற்றுக்குப் பைப் கம் பூசினால் அது வெளிறி, நாள் போக வெடிக்கும். அதற்கு நியூட்ரல் வகைச் சிலிக்கோன் வாங்குங்கள், வினாகிரி மணம் வருகிற சிலிக்கோன் வேண்டாம். ரிஜிபோமுக்கும் (பொதி கட்டும் வெள்ளை நுரை அட்டை) கரைப்பான் கலந்த பசை ஆகாது, அதை அரித்துவிடும். சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி பைப்புக்குத் தனிக் கம் இருக்கிறது. பி.பி.ஆர் பைப் என்றால் கம்மே இல்லை, சூட்டில் உருக்கித்தான் பொருத்துவார்கள்.

சரியான கம்மை வாங்கியும் மூட்டு ஒழுகுவது அவசரத்தால்தான். பைப்பை நேராக வெட்டி, பிசிறை அரத்தால் எடுத்து, ஈரமும் தூசியும் போகத் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பி முட்டும்வரை தள்ளிவிட்டு, அரை நிமிடமாவது கையை எடுக்காமல் பிடியுங்கள், ஏனென்றால் சொக்கற்றின் உட்புறம் உள்ளே போகப்போகச் சற்று ஒடுங்கும், விட்டால் பைப் தானாகவே பின்னுக்கு வரும். சித்திரை வெயிலில் கிடந்த பைப்பை முதலில் நிழலில் ஆறவிடுங்கள், சூட்டில், பைப்பைத் தள்ளுவதற்கு முன்பே கம் காய்ந்துவிடும். ரின்னுக்குள் கம் கட்டிப்பட்டுப் போனால் தின்னர் ஊற்றி இளக்காமல் எறிந்துவிடுங்கள். ஒட்டியபின் ஒரு இரவாவது மோட்டரைப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது கிணறுதான். இந்தக் கம்மின் ஆவி காற்றைவிடப் பாரமானது, கிணற்றுக்குள் கீழேயே தங்கும், இலகுவில் தீப்பற்றும். உள்ளே இறங்கி நின்று புட்வால்வ் (மோட்டர் தண்ணீர் உறிஞ்சும் பைப்பின் அடி வால்வ்) பைப்பை ஒட்டும் ஒருவருக்குத் தலை சுற்றினால் யார் தூக்குவது? மூட்டுகளை மேலே நிலத்தில் வைத்து ஒட்டி, காய்ந்தபின் இறக்குங்கள். தாங்கிக்குள் புகுந்தும் ஒட்டாதீர்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

ஹாட்வெயார் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கம் வைத்திருக்கும் தட்டில், எது எதற்கு என்று தமிழில் பெரிதாக ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். "தாங்கிக்கு அல்ல" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். கிணற்று விஷயத்தை ஆசிரியரும் ஒருமுறை பெட்டிச் செய்தியாகப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.