காய்ச்சினால் எல்லாச் சங்கிலியும் தேறாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓயாமல் பாரம் தாங்கும் உலோகம் களைத்துப்போகும், நெருப்பில் காட்டினால் தெம்பு திரும்பும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். பாதி சரி. மீதியையும் நம்பினால் ஆள் செத்துப்போவான் என்பதால் எழுதுகிறேன்.

நான் கப்பலில் சரக்கு ஏற்றும் சங்கிலிகளைப் பழுது பார்த்தவன். அப்போதெல்லாம் தேனிரும்பு, அதாவது எளிதில் வளையும் பழைய வகை இரும்பால் ஆன சங்கிலிகள். ஒன்றோடொன்று இடித்து இடித்துக் கண்ணிகளின் மேல்தோல் இறுகிவிடும். அப்புறம் ஒரு வெட்டு இழுப்பில் பட்டென்று போகும். அதனால் அரை அங்குலமும் அதற்குக் குறைவான கனமும் உள்ளதை 6 மாதத்துக்கு ஒருமுறை, தடித்ததை வருடத்துக்கு ஒருமுறை அனீலிங் செய்ய வேண்டும் என்று விதியே இருந்தது. மூடிய உலையில் மங்கிய சிவப்பு வரும்வரை, சுமார் 650 டிகிரிக்குக் காய்ச்சி, மெல்ல ஆறவிடுவோம். இரும்பு மறுபடி வளைந்துகொடுக்கும்.

ஆனால் விரிசல் விட்டது விட்டதுதான். எத்தனை காய்ச்சினாலும் சேராது. விரிசலுக்குள் துருச் செதில்தான் படியும். அதனால் சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்பு பூசிப் பார்ப்போம். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு கசியும். அந்தக் கண்ணி குப்பைக்கு. அறுந்த கண்ணியின் முகத்தைப் பார்த்தாலே கதை தெரியும்: ஒரு பக்கம் அலை விட்டுப்போன மணல் வரிபோல வழவழப்பு, மறுபக்கம் கரடுமுரடு. வரி விழுந்த பக்கம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. கரடு, கடைசி நொடி.

போன மாதம் எங்கள் ஊர் மரக்கடை ஒன்றில் ஒரு பையன் சங்கிலியைச் சிவக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தான். "என்னடே இது?" என்றேன். "வருஷா வருஷம் காய்ச்சினாத்தான் தாத்தா பலம்" என்றான். கண்ணியைப் பார்த்தால் 8 என்று பொறித்திருக்கிறது. அது பலத்தின் தரக்குறி: கிரேடு 80 அலாய் ஸ்டீல், அதாவது கலப்பு எஃகு! தொழிற்சாலையிலேயே சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூடு கொடுத்து ஏற்றிய பதம் அது. 400 டிகிரிக்கு மேல் அதை வைத்து வேலையே செய்யக் கூடாது. சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் இறங்கிவிடும், பார்வைக்கு மட்டும் அதே சங்கிலி. தேனிரும்புக்குச் சொன்ன வைத்தியத்தை, தேனிரும்பு போன பிறகும் அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முதலாளியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார். நேற்றுப் போனபோதும் அதே சங்கிலியில்தான் தேக்குத் தடி தொங்கியது, கீழே பையன் நின்றான். உங்கள் இணைப்பை அவர்கள் படிக்கிறார்கள். இதையும் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி,
தூத்துக்குடி