பாசிக்கார அப்பத்தா பெயரில் ஒரு கதவும் ஒரு தண்ணீர்க் குழாயும்

ஊரில் இருக்கிற சொந்தபந்தங்களுக்கும், பிழைப்புக்காகச் சென்னை, திருப்பூர், துபாய் என்று போயிருக்கிற நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கடலில் முங்கிப் பாசி எடுத்தே பிழைத்த நம் பாசிக்கார அப்பத்தா போன தையில் தவறிப்போனது எல்லாருக்கும் தெரியும். பெற்றது ஆறு. பேரன் பேத்தி பதினேழு. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், அவர் இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.

1964 புயலில் தனுஷ்கோடியில் வீடுவாசல் எல்லாம் போய், மூத்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாம்பன் பக்கம் வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த டிசம்பர் 22 ராத்திரியைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தண்ணி வந்துச்சு, போயிருச்சு, நீ போய் வேலையப் பாரு." அதற்கப்புறம் அதே கடலில்தான் எழுபது வயது வரை முங்கினார் என்பதை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு ஆச்சரியம்தான்.

கருக்கலில் வள்ளம் ஏறி, தீவோரத்துப் பார்களுக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் போய், பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பை, கண்ணுக்குக் கண்ணாடி, மூச்சை அடக்கி முங்கினால் கல்லில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பிய்த்துக்கொண்டுதான் மேலே வருவார். முழு நகம் என்று அவர் விரல் ஒன்றிலும் நாங்கள் பார்த்ததில்லை. நோன்புக் காலத்தில் கிண்டுகிறோமே கடல்பாசி, ஐஸ்கிரீமிலும் மிட்டாயிலும் சேர்க்கிறார்களே அகர் அகர், அதெல்லாம் இப்படிப்பட்ட பாசியைக் காய்ச்சி எடுப்பதுதான். கரைக்கு வந்ததும் யாவாரி மண்ணுக்கென்று எடை கழிக்கும் முன்னே பையை நாலு தரம் உதறி வைத்துவிட்டு, "இப்பக் கழி பாப்போம்" என்று நிற்பார். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், மறைக்க வேண்டியதில்லை.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபிறகு பாசி எடுப்பது பெரிய இழுபறியாகிவிட்டது. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் பாசியைத் தொடுவதே இல்லை என்று இந்தக் கரைப் பெண்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்தபோது, எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கியவர் அவர்தான். மீறிப் போன சொந்த மருமகளிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நினைவாக என்ன செய்யலாம் என்று கூடியபோது சிலர் வளைவு கட்டலாம் என்றார்கள், சிலர் வருஷா வருஷம் அன்னதானம் என்றார்கள். அவர் கடைசி மகள்தான் சொன்னார்: "அம்மா சாகுற வரைக்கும் கேட்டது ஒண்ணுதான், ஈரத்துணி மாத்த ஒரு மறைவு." உண்மைதான். அஞ்சாறு மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டு வருகிற பெண்கள் இன்றும் படகு மறைவில் நின்றோ, ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க இன்னொருத்தியோதான் துணி மாற்றுகிறார்கள். உடம்பில் உப்பு காய்ந்து அரிப்பும் புண்ணும் வந்தாலும், ஒரு குடம் நல்ல தண்ணீர் வீட்டுக்குப் போனால்தான். ஒதுங்கக் கழிப்பறை கிடையாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கடலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே உடைமாற்ற மூன்று அறை, இரண்டு கழிப்பறை, 2000 லிட்டர் தொட்டியோடு நல்ல தண்ணீர்க் குழாய், உட்கார ஒரு திண்ணை. இவ்வளவுதான் திட்டம். இடம் அப்பத்தா பெயரில் இருந்த இரண்டு சென்ட், அலை ஏறாத மேட்டில் இருக்கிறது, ஆறு பிள்ளைகளும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உப்புக்காற்றில் தகரக் கதவு இரண்டு வருஷம் தாங்காது என்பதால் பிளாஸ்டிக் கதவு போடச் சொல்லியிருக்கிறோம், அதில் செலவு கொஞ்சம் கூடும். கொத்தனார் போட்ட கணக்கு 6,40,000 ரூபாய். இதுவரை சேர்ந்தது 2,15,000. இதில் பாசிக்குப் போகிற பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலியென்று கொடுத்தது மட்டும் 31,000. அதை வாங்கும்போது எங்களுக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

நூறு ரூபாயானாலும் சரி, ஒரு மூட்டை சிமெண்டானாலும் சரி, வாங்கிக்கொள்வோம். கொத்து வேலை, பிளம்பிங் தெரிந்தவர்கள் நாலு நாள் வந்து நின்றாலும் பெரிய உதவி. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வரவு செலவை மாதா மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிப்போம், வெளியூரில் இருப்பவர்களுக்கு வாட்ஸப்பில் போட்டோ வரும்.

கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மணல் பறக்கும், பூச்சு நிற்காது, அதற்கு முன்னே சுவர் எழும்ப வேண்டும். ரசீது புத்தகம் அப்பத்தாவின் கடைசி மகளிடம் இருக்கிறது. வீட்டில் தேடாதீர்கள், காலையில் வள்ளத்தடியில்தான் இருப்பார், அஞ்சு மணிக்குள் போனால் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
நினைவுக் குழுவினர்